அவரைக்குச் செய்து கொடுத்த இரவு

முதல் அறிகுறி அவருடைய கணுக்காலில் இருந்தது. பெப்ரவரி மாதம். என் கணவர் பாலன் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாள் விரித்து, விதைமண் மூட்டையை வெட்டி, மிளகாய் விதை போடச் சின்னச் சட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். பாதி வேலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். காற்சட்டை மேலே ஏறியிருந்தது. கணுக்காலைச் சுற்றி ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள்.

"என்ன இது?"

"சப்பாத்து உரசினது."

"சப்பாத்து புள்ளி புள்ளியா உரசுமே?"

"உமக்குச் சப்பாத்திலையும் சந்தேகம்."

விரலால் அழுத்திப் பார்த்தேன். மறையவில்லை. அழுத்தியும் மறையாத புள்ளி (தோலுக்குக் கீழ் கசிந்த இரத்தம்) எதைச் சொல்லக்கூடும் என்று எனக்குத் தெரியும். ஒஸ்லோ மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பிறருடைய இரத்தத்தைப் பார்த்தவள் நான். ஓய்வு பெற்றபோது ஒரு கேக்கும் பூச்செண்டும் தந்தார்கள். தெரிந்தவற்றைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தக் கிழமையே குடும்ப வைத்தியர் இரத்தம் எடுத்தார். அடுத்த நாளே மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. நோர்வேயில் உங்களை மறுநாளே கூப்பிடுகிறார்கள் என்றால் அதைப் பார்த்து மகிழ வேண்டாம். காத்திருக்கச் சொன்னால்தான் நல்ல செய்தி.

என்பு மச்சைப் பரிசோதனை (இடுப்பெலும்புக்குள் ஊசி செலுத்தி, இரத்தம் உருவாகும் இடத்திலிருந்து மாதிரி எடுப்பது) செய்தார்கள். கடிய (வேகமாகப் பெருகும்) குருதிப் புற்றுநோய். மச்சை முழுக்கப் பிளாஸ்ட்டுகள் (முதிராத, எந்த வேலையும் தெரியாத குழியங்கள்). அவற்றை நுணுக்குக்காட்டியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவை யாருடையவையோ.

மருத்துவர் இளம்பெண். நேராகப் பேசினார். பாலனுடைய வயதுக்குக் கடுமையான சிகிச்சையும் மச்சை மாற்றமும் தாங்காது. வயிற்றுத் தோலின் கீழ் ஊசியும் கூடவே குளிசையும் தரலாம். குணமாக்காது, காலம் தரலாம். எவ்வளவு என்று எங்கள் மகள் மதுரா கேட்டாள். "பார்ப்போம்" என்றார். இந்த நாட்டு மருத்துவர்களின் "பார்ப்போம்" என்ற சொல்லை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு தாதி செய்யக்கூடாதவற்றைச் சொன்னார். பச்சை முட்டை கூடாது. கூட்டமான ரயில் கூடாது. கடைசியில் மண். சிகிச்சையில் நியூட்ரோபில்கள் (தொற்றை எதிர்க்கும் வெண்குழியங்கள்) கிட்டத்தட்ட இல்லாமல் போகும். மண்ணிலும் உரத்திலும் இருக்கும் பூஞ்சணத்தின் வித்துக்கள் மூச்சோடு போனால் நுரையீரலில் குடியேறும். தோட்ட வேலை கூடாது. வீட்டுக்குள் பூச்சட்டியும் கூடாது.

அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிதர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"கையுறை போட்டால்?"

"வேண்டாம்" என்றார் தாதி.

நகரத்து ஓரம் புருசெத்தில் எங்கள் வீடு அடுக்குமாடியின் தரைத்தளம். கண்ணாடி அடைத்த பல்கணி ஒன்று, அதற்கப்பால் ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டில் என் கணவர் ஒவ்வொரு வருடமும் கரட், பீற்றூட், போஞ்சி, வெந்தயக்கீரை எல்லாம் விதையிலிருந்து வளர்ப்பார். நகரசபையின் நீர்க்குழாய்ப் பிரிவில் பொறியியலாளராக இருந்தவர். நாற்று வாங்கி நடுகிறவர்களை அவர் தோட்டக்காரர் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. நானோ அந்த நிலத்தில் உடுப்புக் காயப்போட மட்டும் இறங்கியவள்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது இப்படியொரு நோயாளியைப் பராமரிக்கிறவராக இருந்தால், ஒன்று சொல்கிறேன். அவருக்கு எதைத் தடுக்கிறார்களோ அது உங்கள் தலையில் வந்து விழும். எனக்கு மண் விழுந்தது.

அவர் உள்ளே நாற்காலியில், நான் பல்கணியில். நடுவே கண்ணாடிக் கதவு. அவர் கத்திச் சொல்வார். நான் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்வேன்.

நான் நடைமுறை தெரிந்தவள் அல்லவா? விதைமண்ணை அடுப்பில் சூடாக்கிக் கிருமி நீக்கினேன். தண்ணீரை அளந்து விட்டேன். வெப்பமானி குத்தினேன். தக்காளி நாற்று முளைத்து, இரண்டு இலை விட்டு, ஒரு காலையில் அத்தனையும் அடித்தண்டு மெலிந்து சரிந்து கிடந்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"ஒப்பரேஷன் சக்ஸஸ் எண்டு சொல்லும்!"

"அளந்துதானே விட்டனான்."

"அளந்து, நேரத்துக்கு நேரம் விட்டா அதுக்குக் காய நேரம் வேண்டாமே? மேல்மண் வெளுக்கட்டும். பிறகு விடும்."

இரண்டாம் முறை போட்டேன். பிழைத்தன. மே மாதத்தில் தட்டுகளை வெளியே தூக்கி வைத்து, முதல் நாள் சிறிது நேரம், பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட என்று குளிருக்கும் காற்றுக்கும் பழக்கினேன். மே பதினேழு, தேசிய தினம் கழிந்து, இரவுக் குளிர் அடங்கியதும் நிலத்தில் நட்டேன். கரட் விதையை மட்டும் நேராக மண்ணில் போட்டேன். அதை இடம் மாற்றினால் கிழங்கு இரண்டாகப் பிரியும் என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

ஆனால் அவருடைய மனம் இருந்தது அவரையில். யாழ்ப்பாணத்து அவரை. ஒவ்வொரு வருடமும் அது இங்கே திரைச்சீலைக் கம்பி வரை ஏறும், இலையாகத் தள்ளும், பூக்காது. ஒக்டோபரில் மொட்டு எட்டிப் பார்க்கும்போது உறைபனி வந்து முடித்துவிடும். போன வருடம்தான் காரணம் கண்டுபிடித்தார். நீண்ட இரவு வந்தால்தான் அது பூக்கும். ஒஸ்லோவின் கோடையில் இரவு என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. அதனால் இரவைச் செய்து கொடுப்பது என்று தீர்மானித்தார். குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டிக்கு உள்ளே கறுப்புப் பூசி வைத்திருந்தார். இந்தக் கோடையில் பரீட்சித்துப் பார்க்க இருந்தார்.

"பின்னேரம் ஆறு மணிக்கு மூடும். காலமை எட்டுக்குத் திறவும். ஒரு நாளும் விடக்கூடாது" என்றார்.

"எவ்வளவு நாளைக்கு?"

"ஒக்டோபர் வரும் மட்டும். பிறகு பெட்டி தேவையில்லை, இரவு தானா வரும்."

ஜூன் தொடங்கியதும் மூட ஆரம்பித்தேன். நுனி கிள்ளிக் குட்டையாக்கிய கொடி, பல்கணியில் பெரிய சட்டியில். நல்ல வெயில் அடிக்கிற நேரத்தில் அதன் தலையில் பெட்டியைக் கவிழ்ப்பேன். உள்ளே ஸ்டீரோயிட் குளிசையால் நித்திரை பிடிபடாத மனிதர், வெளிச்சம் போகாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அதுக்காவது ஒரு இரவு கிடைச்சுது" என்றார் ஒரு நாள்.

அவர் மொட்டைத் தேடினார். நான் நியூட்ரோபிலைத் தேடினேன். இரத்த முடிவு கணினியில் வந்த உடனே பார்ப்பேன், மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே. சிகிச்சையின் முதற்சுற்றுகளில் பிளாஸ்ட் குறைந்தது. நியூட்ரோபில் ஏறும் ஏறும் என்று காத்திருந்தேன். ஜூன் கடைசியில் ஒரு நாள் பிளாஸ்ட் மறுபடி ஏறியிருந்தது. கணினியை மூடிவிட்டுப் போய்ச் சோறு வடித்தேன்.

மருத்துவமனையின் அந்த நீண்ட நடைபாதையில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது, என்ன சொல்லப் போகிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்தவளாக இருப்பதில் இதுதான் சௌகரியம். கெட்ட செய்தியை இரண்டு முறை அனுபவிக்கலாம்.

மருத்துவர் சொன்னார். இனி ஊசியால் பயனில்லை. இரத்தம் ஏற்றலாம், நோவுக்கு மருந்து தரலாம், வீட்டுக்குத் தாதி வருவார். மதுரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாலன்தான் பேசினார், நல்ல நோர்வேஜியனில், ஒரு கூட்டத்தில் கேள்வி கேட்பதுபோல.

"அப்படியென்றால் நான் மண்ணைத் தொடலாமா?"

மருத்துவர் என்னைப் பார்த்தார், பிறகு அவரை. "தொடலாம். விரும்பியதெல்லாம் செய்யலாம்."

அவர் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. பரிசு விழுந்தவர்போல நன்றி சொன்னார்.

மதுரா பக்கத்து நகரமான திராமனில் இருக்கிறாள், அவள்தான் கார் ஓட்டுவாள். திரும்பும் வழியில் அவர் கண்ணை மூடியிருந்தார். தூக்கம் என்று நினைத்து அவள் மெல்லிய குரலில் என்னைக் கேட்டாள்.

"அம்மா, டொக்டர் சொன்னது அப்பாவுக்கு விளங்கேல்லையோ?"

அவர் கண் திறக்காமலே சொன்னார். "விளங்கினது பிள்ளை. அதாலதான் கேட்டனான்."

மறுநாள் கண்ணாடிக் கதவைத் திறந்தோம். மதுரா பிளாஸ்டிக் முக்காலியைக் கரட் பாத்திக்குப் பக்கத்தில் போட, அவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போய் இருத்தினோம். கரட் நெருக்கமாக முளைத்திருந்தது.

"இதென்னப்பா, உப்புப் போட்ட மாதிரிக் கொட்டி வைச்சிருக்கிறீர்" என்று என்னைப் பேசினார்.

குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கலைத்தார். மூச்சு வாங்கும், நிறுத்துவார், மறுபடி குனிவார். சுண்டுவிரல் தடிப்பில் ஒன்று வந்தது. மண்ணைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கடித்தார்.

"அப்பா, கழுவுங்கோ! அது இக்க லோவ்!" என்றாள் மதுரா. சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் படித்த நோர்வேஜியன்: லோவ் என்றால் அனுமதி, இக்க லோவ் என்றால் கூடாது.

"எனக்கு இப்ப எல்லாம் லோவ்" என்றார்.

அன்று மதியம் நகத்துக்குள் கறுப்போடு சாப்பிட வந்தார். முப்பது வருடம் கை கழுவுவதை மதமாகக் கொண்டிருந்தவள் கழுவச் சொல்லாமல் சோற்றைப் போட்டேன். அவர் குழைத்துச் சாப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டார்.

ஒரு கிழமை அப்படி இருந்தது. பிறகு காய்ச்சல். இரத்தத்தில் வளர்ந்த கிருமி எது என்று நான் கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கத் தேவையில்லாத கேள்வி, மருத்துவர் அதைச் சொல்லாமல் பதில் மட்டும் சொன்னார். குடலில் எப்போதும் குடியிருக்கும் பக்டீரியா. மண்ணிலிருந்து வந்தது அல்ல. மண்ணிலிருந்து வந்திருந்தாலும் அந்தக் கரட்டை நான் தடுத்திருக்கமாட்டேன் என்று இப்போது சொல்கிறேன். பதில் தெரிந்த பிறகு சொல்வது எளிது.

வரவேற்பறையில், கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி அவருடைய கட்டிலைப் போட்டோம். ஒரு காலை பெட்டியைத் திறந்தபோது கூப்பிட்டார்.

"இஞ்சேரும், அந்தக் கணுவிலை பாரும். மொட்டு."

குனிந்து பார்த்தேன். பச்சையாக, அரிசிமணியிலும் சின்னதாக ஏதோ இருந்தது. இலைத் துளிராகவும் இருக்கலாம்.

"பொறுங்கோ, ரெண்டு நாள் போகட்டும். அப்பதான் நிச்சயமாச் சொல்லலாம்."

"உமக்கு எல்லாத்துக்கும் ரெண்டாம் டெஸ்ட் வேணும்" என்று சிரித்தார். "மொட்டுத்தான்."

மறுநாள் காலை, பெட்டியைத் திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு, அவர் போனார். மதுராவும் நானும் பக்கத்தில் இருந்தோம். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்து, ஓர் இடைவெளி முடியவில்லை. உயிர் போன உடலைக் கலங்காமல் பார்க்கத் தெரிந்தவள் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை.

மொட்டுத்தான். இரண்டு நாளில் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

இங்கே அடக்கத்துக்குத் தேதி கிடைக்கவே ஒரு கிழமைக்கு மேல் ஆகும். அதுவரை வீடு நிறைய ஆட்கள். நான் அவர்களுக்கு நடுவால் போய் ஆறு மணிக்குப் பெட்டியைக் கவிழ்ப்பேன். பக்கத்து ரொம்மனிலிருந்து வந்திருந்த மச்சாள், அவருடைய தங்கச்சி, பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன அண்ணி, உதுக்குள்ளை கிளி வளர்க்கிறியளோ?"

"உங்கடை அண்ணரைக் கேளுங்கோ" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் அழுதாள், நானும் அழுதேன். அன்று பெட்டி பத்து நிமிடம் பிந்தியது.

வெளிர் ஊதாப் பூக்கள் வந்தன. மகரந்தம் சேர ஒரு பிரஷ்ஷால் நானே தொட்டுவிட்டேன், அந்த வேலை கைக்குப் பழக்கமானது. முப்பத்தோராம் நாள் படையலுக்குக் காய் இருந்தது. மச்சாள் விதைக்கு விடச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் ஆய்ந்து பாற்கறி வைத்தேன். முற்றிய அவரைக்காயை அவர் ஒரு நாளும் மன்னித்ததில்லை. வாழையிலையில் அவருக்கு வைத்துவிட்டு மீதியை வந்தவர்களுக்குப் பரிமாறினேன். நல்லாயிருக்கு என்றார்கள். என்னால் விழுங்க முடியவில்லை.

இது ஒக்டோபர். நான் கையுறை போடுவதில்லை, நகத்துக்குள் கறுப்பு நிற்கிறது, அதைத் தேய்த்து எடுப்பதுமில்லை. இந்தக் கை என்னுடையது என்று பழக இன்னும் நாள் வேண்டும். காலையில் எட்டு மணிக்கு முன்பே உடல் தானாக எழும்பிவிடுகிறது. நாளுக்கு இப்போது இரண்டு நேரங்கள்தான், திறக்கிற நேரமும் மூடுகிற நேரமும். மற்ற மணிகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

பெட்டியை மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டேன். அவர் சொன்னதுபோல இரவு தானாக வருகிறது. சின்ன வெப்பமூட்டி ஒன்றைப் பல்கணியில் வைத்திருக்கிறேன், கொடி இன்னும் பூக்கிறது. ஆறு மணியானால் என் இரண்டு கையும் பெட்டியைத் தூக்க எழும்புகின்றன. தூக்க ஒன்றுமில்லை என்று அவற்றுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறகு வரவேற்பறை விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். போட்டால் கண்ணாடிக் கதவு வழியாக வெளிச்சம் கொடியில் படும், அதன் இரவு கெட்டுவிடும். வழியால் போகிறவர்கள், அந்த மனுசி துக்கத்தில் விளக்கும் போடாமல் இருட்டுக்குள் இருக்கிறாள் என்று மதுராவிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையோ என்று அவள் என்னைக் கேட்டாள்.

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன்.