காளிராஜ் அணைத்த சூடம்

காளிராஜ் வாக்குச் சுத்தமான மனிதர். ஒரே கட்சியில் இருபத்தெட்டு வருடம் கிளைச் செயலாளராக இருந்துகொண்டே ஒருவர் அப்படி இருந்தார் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். சந்தேகம் உள்ளவர்கள் சிக்கல் என்கிற ஊர்ப் பக்கம் போய் விசாரித்துக்கொள்ளலாம். மிளகாய் மூட்டைக்கு அவர் தராசு பிடித்தால் மறுநிறுவை கிடையாது. அந்த நல்ல பெயர்தான் அவரைக் கவிழ்த்தது.

ஊருக்குக் கிழக்கே ஒரு கம்பெனி இறால் பண்ணை போடப் போவதாகப் பேச்சு வந்தது. பண்ணை வந்தால் கிணறெல்லாம் உப்பாகிவிடும், அதோடு மிளகாய் வெள்ளாமை முடிந்தது என்று ஊரே பயந்துகிடந்தது. தேர்தல் வந்தது. காளிராஜின் கட்சி வேட்பாளர் ஜீப்பில் நின்றபடி, என் உசுரு உள்ள வரைக்கும் பண்ணை வராது என்று முழங்கினார். எத்தனையோ தேர்தலில் இப்படி உசுரைக் கேட்டுப் பழகிய ஊர் அது. கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்துச் சொல்லட்டும் என்றது.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் சத்தியம். வரப்புத் தகராறிலிருந்து ஆடு திருட்டு வரைக்கும் அங்கே அதற்கு மேல் கோர்ட்டு இல்லை. சொன்ன சொல் பொய்த்தால், அணைத்தவன் வீட்டுப் பிஞ்சுக் குழந்தையைத்தான் சாமி முதலில் தொடும் என்று நம்புகிற ஊர்.

வேட்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பதினோரு ஊர் பாக்கி என்றார். கூட்டம் வழிவிடவில்லை. காளிராஜுக்குத் தன் மானமே போவதுபோல இருந்தது. "அவருக்காக நான் அணைக்கிறேன்" என்று முன்னால் போய், பண்ணை வராது என்று சொல்லி எரிகிற சூடத்தில் கையை வைத்துவிட்டார். செய் என்று யாரும் சொல்லவில்லை. வேட்பாளர்கூடச் சொல்லவில்லை. வீட்டில் மகள் ஜோதிகா தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாக இருப்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை.

பத்தாம் நாள் ஊரில் எல்லார் செல்போனிலும் ஒரு வீடியோ வந்தது. உச்சிப்புளியில் அதே வேட்பாளர், அதே ஜீப். இறால் பண்ணை வந்தால் ஆயிரம் இளைஞர்களுக்கு வேலை, என் உசுரைக் கொடுத்தாவது கொண்டுவருவேன் என்கிறார். பாவம், அந்த ஒரு உசுரை எத்தனை ஊருக்குத்தான் அவர் கொடுப்பார்.

காளிராஜ் வீடியோவை மூன்று தடவை பார்த்தார். உள்ளங்கைக் கொப்புளம் அப்போதுதான் காய்ந்து தோலுரிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே மனைவி சுகந்தி மகளைக் கூட்டிக்கொண்டு நயினார்கோவிலில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். வாசற்படியில் நின்று, "சத்தியத்தச் சரிபண்ணுங்க. அதுவரைக்கும் பிள்ளையப் பாக்க அங்கன வந்துராதீக" என்று மட்டும் சொன்னாள். ஜோதிகா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். தொட்டிலுக்காக அவர் விட்டத்தில் கட்டியிருந்த கயிறு சும்மா தொங்கியது.

நாலு நாள் கழித்துப் பேத்தி பிறந்தாள். அந்தச் செய்தியே மினிபஸ் கண்டக்டர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் ஏதோ வேலை வந்ததுபோல எழுந்தார்கள். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட உடன்பிறந்த தங்கை சண்முகவள்ளி, கம்பெனி நிலம் கேட்டபோது அண்ணன் வாக்கை நம்பி மறுத்தவள், எதிரே வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். தனியாகச் சோறு பொங்கினார். ஒருவருக்கு உலை வைத்துப் பழகாத கை, தினமும் சோறு மிஞ்சியது. யாரிடமாவது பேச வேண்டும் என்று நெஞ்சு தவித்தது. மாட்டிடம் பேசிப் பார்த்தார். அதுவும் வைக்கோலைத்தான் பார்த்தது.

கடைசியில் பூசாரியிடம் போய் நின்றார். பூசாரி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, யாருக்காக அணைத்தாயோ அந்த ஆள் வந்து உன்னோடு சன்னதியில் நின்று, பொறுப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லித் திருநீறு வாங்கினால் உன் கை விடுபடும் என்றார். இரண்டு நிமிட வேலை. காளிராஜுக்குப் பேத்தி கைக்கு வந்துவிட்டதுபோலவே இருந்தது.

பிரச்சாரத்தின் கடைசி நாள் பிற்பகல் ஜீப் மறுபடி ஊருக்குள் வந்தது. காளிராஜ் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கோயில் வாசலில் சூடமும் தேங்காயும் வைத்துக் காத்திருந்தார். இன்றைக்கு ஊர்க்காரர்கள் இந்த ஆளைச் சும்மா விடமாட்டார்கள் என்றுதான் அவர் நினைத்தார். வேட்பாளர் மைக்கைப் பிடித்தார். உச்சிப்புளியில் பேசியதை எவனோ வெட்டி ஒட்டிவிட்டான், நான் இருக்கும்வரை இங்கன பண்ணை வராது என்றார். கூட்டம் கைதட்டியது. ஆரத்தி எடுத்தார்கள். முன்வரிசையில் நின்று தட்டியவர்களில் சண்முகவள்ளியும் இருந்தாள்.

காளிராஜ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஜீப்பருகே போனார். கோயிலுக்குள் இரண்டு நிமிடம் வந்து நிற்கும்படி கும்பிட்டுக் கேட்டார். பேத்தியைப் பற்றியும் சொன்னார். வேட்பாளர் குனிந்து அவர் தோளைத் தட்டினார்.

"ஜெயிச்சு வந்து நிக்கிறேண்ணே. நீங்க ஏன் சூடத்தயெல்லாம் அணைச்சீக?"

ஜீப் நகர்ந்துவிட்டது. கூட்டமும் அதன் பின்னால் போனது. காளிராஜ் தங்கையை மறித்து நின்றார். மாற்றி மாற்றிப் பேசிய வாய்க்குக் கை தட்டுகிறாய், என்னிடம் மட்டும் ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டார். பதினைந்து நாளுக்குப் பிறகு அவள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அவரு ஓட்டுக்குப் பேசுனாரு, அவுக அப்படித்தான் பேசுவாக. நீ சாமிக்கு முன்னால சொன்னவன்ணே."

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் நிற்காமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அவர் கதவைத் திறக்கும்போது செல்போன் அடித்தது. சுகந்தி. இத்தனை நாளில் முதல் தடவை. ஜீப் ஊருக்கு வந்ததாமே என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு வந்து நின்னாரா?" என்று கேட்டாள்.

நின்றார் என்று சொல்லிவிட்டால் போதும். முப்பது மைல் தாண்டி இருப்பவள் யாரிடம் போய் விசாரிக்கப் போகிறாள்? கடைசி பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரிக்குள் பேத்தி மடியில் இருப்பாள். ஊரெல்லாம் கைதட்டி வாங்கிக்கொண்ட பொய்யைவிட இது எவ்வளவோ சின்னது. அவருக்கு வாய்வரை வந்தது.

"நிக்கல" என்றார்.

சுகந்தி போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் குழந்தை அழுதது. முதலில் தூரத்தில் கேட்டது, பிறகு கிட்டத்தில் கேட்டது. சுகந்தி போனைப் பிள்ளையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. சூடம் சுட்ட கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேத்தி அழுது ஓயும்வரைக்கும் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.