லிஃப்ட்டுல மூணு நாள் ஏறி இறங்கின சத்யப்ரியா

ரெண்டாயிரத்தேழுல கல்கத்தா பெஹாலாவுல தமிழ்க்காரங்க வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு. சாந்த்ராகாச்சி ரயில்வேயில வேலை பார்க்கிற உத்தமனோட பொண்ணு சத்யப்ரியா, கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிட்டு, லேக் கார்டன்ஸ்ல ஒரு லிஃப்ட்மேனோட மேலயும் கீழயும் போயிட்டிருக்காளாம்! பார்த்தது சுலோசனாக்கா. அதே கட்டடத்துல பல் டாக்டர்கிட்ட போனவங்க, லிஃப்ட்டுக்குப் பயந்து படியேறும்போது கம்பிக்கதவு வழியா அவளையும் பட்டன்கிட்ட நின்ன ஒரு ஆளையும் பார்த்திருக்காங்க. பல்வலி போச்சோ இல்லையோ, சேதி ஊரெல்லாம் போயிடுச்சு.

நடந்தது வேற. அந்தக் கட்டடத்து ரெண்டாவது மாடி ஆஸ்பத்திரியில டோக்கன் எடுக்க ஒரு டச் ஸ்கிரீன் வச்சாங்க. உள்ள ஓடுற வெப் பக்கம் சத்யப்ரியா எழுதினது. பட்டனைத் தட்டினா டோக்கன். அரை செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிச்சா கேன்சல். ஆபீஸ்ல ஜம்முனு வேலை செஞ்சுச்சு. ஆஸ்பத்திரியில பாதிப் பேருக்கு கேன்சல்!

மேனேஜர் ஹரிஷங்கர் குதிச்சாரு. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கிரீனைத் திருப்பி அனுப்பிடுவாரு. அப்புறம் உன் வேலை நிரந்தரம் ஆகாது. ஜனங்களுக்குத் தட்டத் தெரியலன்னா ஒரு போர்டு எழுதி மாட்டு!"

"எல்லாருக்குமா சார் தெரியாது? நான் போய் விரலைப் பார்க்கறேன்."

"கைரேகை ஜோசியமா?"

"வந்து உங்களுக்கும் சொல்றேன் சார்."

போனா. லிஃப்ட்டுல ஒரு வயசான பெங்காலிப் பெரியம்மா, அவங்க பாஷையில மாஷிமா, பட்டன்ல வச்ச கட்டைவிரலை எடுக்கவே இல்ல.

"விடுங்க மாஷிமா, அமுக்கியாச்சே."

"இது பழைய லிஃப்ட், விட்டா நடுவுல நின்னுடும்மா. மேல போற வரைக்கும் பிடிச்சுக்கணும்."

சத்யப்ரியாவுக்குப் பளிச்சுன்னு விளங்கிடுச்சு. லிஃப்ட்டுல பிடிச்ச அதே விரல்தான் மேல போய் டோக்கன் பட்டனையும் விடாம பிடிக்குது! மூணு நாள் ஏறி இறங்கி, யார் எவ்வளவு நேரம் பிடிக்கறாங்கன்னு நோட்டுல குறிச்சா.

அப்புறம் மாத்தினா. டோக்கன் பட்டனை எவ்வளவு நேரம் வேணா பிடிக்கலாம். அது மேலயே விரலை எடுத்தா டோக்கன். விரல் கொத்தமல்லி விதை அளவு நகர்ந்தாலும் பரவாயில்ல. வெளிய இழுத்துட்டு எடுத்தா, மனசு மாறிட்டாங்கன்னு விட்டுடும். கேன்சலுக்குத் தனியா சிவப்பு பட்டன். பிடிச்சா ஸ்கிரீன்ல ஒரு பட்டை மெதுவா நிரம்பும், முழுசா நிரம்பினாத்தான் கேன்சல். பாதியில விட்டா ஒண்ணும் ஆகாது.

வெள்ளிக்கிழமை டாக்டர் பக்கத்துலயே நின்னு பார்த்தாரு. மாஷிமா ஆற அமர அமுக்கினாங்க, டோக்கன் வந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் ஒருத்தருக்கும் தப்பா கேன்சல் ஆகல. ஹரிஷங்கர் வேலை நிரந்தர ஆர்டரை நீட்டினாரு.

சுலோசனாக்கா மட்டும் விடல. நேராவே கேட்டாங்க: "அந்த லிஃப்ட்மேன் பேரு என்னடி?"

"அங்க லிஃப்ட்மேனே கிடையாதுக்கா. ஒருத்தன் இருந்திருந்தா அவனே பட்டனைப் பிடிச்சிருப்பான், எனக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது."