வந்தவராகவே கருதப்படுவார்

என் மகள் படித்த கல்லூரியின் மாணவர் கையேட்டில், வருகைப்பதிவு என்ற பகுதியில் ஒரு விதி இருக்கிறது. கல்லூரியின் சார்பில் விளையாட்டுப் போட்டிகளுக்குச் செல்லும் மாணவர், அந்த நாட்களில் வகுப்புக்கு வந்தவராகவே கருதப்படுவார். கருதப்படலாம் என்று எழுதவில்லை. கருதப்படுவார் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் தணிக்கைத் துறையில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எத்தனை பேருடைய பிழைப்பு சிக்கிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த விதியை அதன்படியே நடத்தியிருந்தால் இந்தச் சாட்சியத்துக்கு வேலையே இருந்திருக்காது. நடத்தவில்லை. அதனால்தான் எங்கள் குலதெய்வம் காளியம்மனின் வாசலுக்குப் போனேன். அங்கே எனக்குக் கிடைத்ததை நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வருகிறவர்கள் அறிய எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுகிறேன். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது அப்படி.

என் மகள் கயல்விழி எங்களுக்கு வெகு நாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. பத்தாம் வகுப்பிலேயே என்னைவிட உயரம். கூடைப்பந்து ஆடுவாள். நன்றாக ஆடுவாள் என்று தகப்பன் சொல்வதை நம்ப வேண்டாம், அந்தக் கல்லூரி அவளைத் தேடி வந்து இடம் கொடுத்தது என்பதை நம்பலாம். இளங்கலைக் கணிதத்தில் சேர்ந்தாள். மூன்று வருடமும் காலையில் மைதானம், பகலில் வகுப்பு, மாலையில் மறுபடி மைதானம். கடைசி வருடத்தில் கணிதத்தில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். எனக்கோ அவள் ஆட வேண்டும் என்று ஆசை. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு என்னென்ன சான்றிதழ், எந்தப் படிவத்தில், யார் கையெழுத்தோடு வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று நினைத்தேன். விதி இருக்கிறதே.

மார்கழியில் வடக்கே இரண்டு போட்டிகளுக்கு அடுத்தடுத்து அனுப்பினார்கள். போய் ஆடி, கோப்பையோடு வந்தார்கள். கோப்பையை முதல்வர் அறை வாசலில் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். தை மாதக் கடைசியில், அதே அலமாரிக்கு எதிரே உள்ள பலகையில், வருகை குறைந்தவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். முதல் பெயர் என் மகளுடையது.

அதன் பொருள் இதுதான். வருகை குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் கடைசிப் பருவத் தேர்வு கிடையாது. தேர்வு இல்லாவிட்டால் பட்டம் இல்லை, எம்.எஸ்ஸி.யும் இல்லை.

மனு எழுதினேன். விதியைக் குறிப்பிட்டு, போட்டிக்குப் போனதற்கான சான்றை இணைத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போய் அலுவலக எழுத்தரிடம் கேட்டேன்.

"சார், உங்க மனு மேல போயிருக்கு."

"மேலன்னா எங்க? முதல்வர்கிட்டயா, செயலர்கிட்டயா?"

"மேலதான் சார்."

"நானும் ஆபீஸ்ல இருந்தவன்தான் தம்பி. மேல போன பேப்பருக்கு ஒரு நம்பர் இருக்கும்."

"நம்பர் போடத்தான் சார் மேல போயிருக்கு."

பதில் சொன்ன விதத்தில் குறை காண முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் அவனுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். இரண்டாவது மனு எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். சமையலறையிலிருந்து என் மனைவி வள்ளி சொன்னாள்:

"நீங்க எழுதிக்கிட்டே இருங்க. அதுக்குள்ள அவ பரீட்சை முடிஞ்சு, பிள்ளைகுட்டி பெத்து, அதுகளுக்கும் பரீட்சை வந்துரும்."

கடைசியில் உடற்கல்வி இயக்குநரைப் பார்க்கப் போனேன். பிள்ளைகள் பி.டி. சார் என்பார்கள். போட்டிக்குப் போன நாட்களுக்கு அவர் கையெழுத்துப் போட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். அவர் அனுப்பவில்லை. மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"விதி இல்லேன்னு யாருண்ணே சொன்னா? இருக்கு. கையெழுத்து நான்தான போடணும்? போட்டுருவோம். ஏப்ரல்ல சென்னைல டோர்னமெண்ட் இருக்கு. பிள்ளை வாரேன்னு எழுதிக் குடுக்கட்டும், அன்னைக்கே போட்டுருவோம்."

"ஏப்ரல்ல பரீட்சைல்ல சார்?"

"அரியர் எழுதிக்கிட்டாப் போச்சு. நம்ம டீம்ல யாருண்ணே ஒரே தடவைல முடிச்சா? முடிச்சுட்டா அப்புறம் டீம் எங்க இருக்கும்? பிள்ளைக்கு இங்கேயே ரெண்டு வருசம் எம்.ஏ. எடுத்துத் தாரேன்."

"அவ கணக்குப் படிக்கிறவ."

"தமிழ் எம்.ஏ.ல சீட் இருக்குண்ணே. பிள்ளை தமிழ் பேசும்ல?"

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். எங்கள் ஊர் ஒத்தக்கடைக்கு வரும் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. விதியை யாரும் மறக்கவில்லை. அவள் பட்டம் வாங்கிவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடுவாள். வாங்காத வரைக்கும் அவர்கள் அணியில் இருப்பாள். பூட்டையும் சாவியையும் ஒருவரே வைத்திருக்கும் அலுவலகங்களைத் தணிக்கையில் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது என் பிள்ளை என்று ஆனது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நீதிமன்றம் போகலாம். தீர்ப்பு வரும்போது அவளுக்கு முடி நரைத்திருக்கும். எழுதிக் கொடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆட்டமாவது மிஞ்சும். பூஜை அறையில் நின்று தினமும் ஒன்றே கேட்டேன். தாயே, அந்தக் கல்லூரியை ஒரு பதில் எழுத வை. கடிதம் வர வேண்டும், விதி நடக்க வேண்டும், அவள் ஆடவும் வேண்டும், படிக்கவும் வேண்டும். என் பிரார்த்தனையில்கூடப் பத்திக்கு எண் போட்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

மாசி மாதம் சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு சோழவந்தான் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். வெற்றிலைக் கொடிக்காலுக்கு அப்பால், வாய்க்கால் கரையில் சின்னக் கோயில். பூசாரி கருப்பையா என் சித்தப்பா மகன். மறுநாள் காலையில் கூட்டம் கலைந்ததும் அவனிடம் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அது அவள் வாக்கு. வெள்ளை வந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு ஆடுவது, சிவப்பு வந்தால் மறுத்துவிட்டுப் படிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

கருப்பையா பொட்டலத்தை மடித்துக்கொண்டே கேட்டான். "யாருக்குண்ணே கேக்குற?"

"கயலுக்குத்தான்."

"அப்ப அது வந்து நிக்கணும்ல. உனக்குக் கேட்டா நீ நில்லு. நீ என்ன பந்து வெளையாடவா போற?"

அம்மாவோடு பொங்கல் பானையை இறக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். வந்து நின்றாள். பொட்டலங்களைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சித்தப்பா, பூவ அவுத்துருங்க," என்றாள்.

"ஏன்த்தா?"

"வெள்ளை வந்தா சாமி சொல்லியும் கேக்காதவளாயிருவேன். சிவப்பு வந்தா, சாமி சொல்லிச்சுனு படிச்சவளாயிருவேன். ரெண்டும் வேணாம்."

"பின்ன எதுக்கு வந்து நிக்கிற?"

"துணூறு வாங்கத்தான்."

கருப்பையா என்னைப் பார்த்தான். "பிள்ளை வெவரமாத்தான்ணே இருக்கு. நீதான் எங்கிட்டோ போயி மாட்டிக்கிட்ட."

திருநீறு பூசிக்கொண்டு நானும் கயலும் வாய்க்கால் பக்கம் நடந்தோம். அவளுக்கு ஆட்டம் பிடிக்கவில்லையோ என்று கேட்டேன். இத்தனை நாளில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். மற்றதையெல்லாம் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிடிக்கும்ப்பா. எம்புட்டுப் பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும். ஆனா எங்க டீம்ல செல்வி அக்காவப் பாருங்க. மூணாவது பட்டத்துக்குச் சேந்திருக்கு. முதப் பட்டமே இன்னும் கைக்கு வரல. முட்டில பட்டை கட்டிக்கிட்டு ஆடுது. ஏன்க்கா இருக்கன்னு கேட்டா, போக இடமில்ல பாப்பா, அதான் இருக்கேங்குது. போக இடம் இருக்கும்போதே நான் போறேன்ப்பா."

திரும்பிப் போய் அம்மன் முன் நின்று பழைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தாயே, கல்லூரி எழுதுவது இருக்கட்டும். இவளைத் தேர்வு எழுத வை. அவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாளே கயல் பி.டி. சாரிடம் போய், சென்னைக்கு வரவில்லை, இனி ஆடவும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அவர் கையெழுத்து அத்தோடு போயிற்று. மீதி இருந்த வகுப்புகளில் ஒரு மணி நேரத்தைக்கூட அவள் விடவில்லை. காய்ச்சலோடு போய்க் கடைசி பெஞ்சில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். கணக்குப் படித்தவள் அல்லவா. பருவம் முடியும்வரை ஒன்று விடாமல் போனாலும் சில மணி நேரம் குறையும். அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வள்ளி போய் விளக்கேற்றினாள். நான் அவள் பின்னால் நின்றேன். என் வாயில் வார்த்தை வரவில்லை. வராததையும் ஆத்தாள் கேட்பாள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பங்குனியில் ஒரு நாள் மாலை கயல் வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, எங்க சார் பாடத்த முடிக்கல."

"எந்த சார்?"

"இயற்கணிதம் எடுக்கிறவரு. அவரு மட்டுமில்ல, இன்னொருத்தரும் முடிக்கல. எல்லா சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ். கட்டாயம் வரணுமாம். அட்டெண்டன்ஸ் உண்டாம்."

பாடத்தை முடிக்காத ஆசிரியரை நான் மனதார வாழ்த்தியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். ஓர் ஒழுங்கான கல்லூரியாக இருந்திருந்தால் என் மகள் தேர்வை இழந்திருப்பாள். எந்த ஒழுங்கீனம் அவளைப் பட்டியலில் ஏற்றியதோ, அதே ஒழுங்கீனத்தைப் பிடித்து அவளை இறக்கிவிட்டாள் காளி. அந்தச் சனிக்கிழமைகள் சேர்ந்ததும் வருகை நிறைந்தது. யாருடைய கையெழுத்தும் இல்லாமல், யாரும் எதையும் கருதாமல், உண்மையாகவே வந்தவளாக ஹால் டிக்கெட் வாங்கினாள்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பேருந்துகளைச் சுற்றிவிட்டிருந்தார்கள். விடிந்ததும் கிளம்பி, பாதி வழி நடந்தே போய்த் தேர்வு எழுதினாள். அதே வாரம் சென்னைக்குப் போன அணி முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது. எனக்குச் சந்தோஷம் இல்லை. செல்வியும் அதில் ஆடியிருந்தாள். ஆனியில் தேர்வு முடிவு வந்தது. முதல் வகுப்பு. வேறொரு கல்லூரியில் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்ஸி. கணிதத்தில் இடம் வாங்கினாள்.

சொந்தக்காரர்கள் வாழ்த்துகிறார்கள். பிள்ளை புத்தியாக விளையாட்டை விட்டுவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள் என்கிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமையே வந்திருக்கக் கூடாது. ஒரு கையெழுத்து போட்டிருந்தால் இரண்டும் அவளுக்கு இருந்திருக்கும். போன மாதம் எங்கள் தெருவில் பையன்கள் கம்பத்தில் வளையம் கட்டி ஆடிய பந்து உருண்டு வந்து அவள் காலில் நின்றது. குனிந்து எடுத்தாள். ஒரு நொடி இரண்டு கையிலும் பிடித்திருந்தாள். பிறகு, அவர்கள் வளையத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டாள். விழுந்தது. பையன்கள் ஓவென்று கத்தினார்கள். அவள் திரும்பாமல் வீட்டுக்குள் வந்து புத்தகத்தை எடுத்தாள். அந்த ஓசைக்கு என்னிடம் இன்றும் சமாதானம் இல்லை.

ஆனாலும் நன்றி சொல்லத்தான் இதை எழுதினேன். என் ஆத்தாள் நான் கேட்டதைத் தரவில்லை, என் பிள்ளைக்கு வேண்டியதைத் தந்தாள். இப்போது எதையும் அவளிடம் கேட்பதற்கு முன், யாருக்காகக் கேட்கிறேனோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். பூஜை அறையில் நிபந்தனை போடுவதில்லை. உங்களில் எவருடைய மனுவாவது எங்காவது மேலே போய்க் காணாமல் போயிருந்தால், நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நினைவூட்டல் அனுப்புங்கள், ஆனால் நம்பிக்கையை அங்கே வைக்காதீர்கள். இவள் வாசலில் வந்து நில்லுங்கள். இங்கே மேசை இல்லை, அதற்குப் பின்னால் ஆள் இல்லை. கேட்ட வழியில் வராமல் போகலாம். வரும்.

கல்லூரியின் பதிலையும் குறிப்பிட வேண்டும். கயல் எம்.எஸ்ஸி. வகுப்புக்குப் போயிருந்தாள். நாங்கள் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது தபால் கிடந்தது. என் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதாம். போட்டிக்குச் சென்ற நாட்களில் என் மகள் வகுப்புக்கு வந்தவராகவே கருதப்படுவாராம். அதனால் கடந்த சித்திரையில் நடந்த தேர்வை எழுத அவரை அனுமதிக்கிறார்களாம். கடிதத்துக்கு எண் போட்டிருந்தார்கள். அது வந்து சேர்ந்தது ஆவணி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை.