அரிசிக்கடைக்குப் பின்னால் மூன்றாவது இடம்

ஜப்பானில் கார் வாங்க முதலில் வேண்டியது காசு இல்லை, இடம். வீட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த எனக்கு இடம் இருக்கிறது என்று இடத்துக்காரர் எழுதிக்கொடுக்க வேண்டும். அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் அவர்கள் சரிபார்த்து, ஆமாம் இருக்கிறது என்று சான்று தருவார்கள். அதற்கப்புறம்தான் வண்டி நம் பேருக்கு மாறும். ஆரணியில் இருக்கும் அம்மாவிடம் இதைப் போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"வண்டி நிக்கிறதுக்குப் போலீசு எதுக்குடா? தெருவுல உட்டுட்டுப் போவியா, பேஜார் புடிச்ச வேலையா கீது."

அவள்மேல் தப்பில்லை. எங்கள் தெருவில் காலையில் தறிக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பட்டு நூல் நீண்டு கிடக்கும். அதைச் சுருட்டும்வரை சைக்கிள்கூட உள்ளே வராது. சுருட்டிவிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் யார் வாசலிலும் வண்டியை நிறுத்தலாம். சேலை எடுக்க வரும் வியாபாரிகள் எங்கள் வாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுவார்கள். அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். நான் அந்தக் கார்களைச் சுற்றிச் சுற்றி வருவேன். எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது அங்கேதான்.

கிறுக்கு என்றால் சாதாரணக் கிறுக்கு இல்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு ஜப்பான் காரைப் பார்த்தேன். இரண்டே கதவு. சுவிட்சைப் போட்டால் ஹெட்லைட் இரண்டும் பானெட்டுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும். பிற்பாடு கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை, அதுவும் ஜப்பானில் என்று சொன்னதும் சம்பளத்தைக்கூடக் கேட்காமல் சரி என்றேன். வீட்டில் எல்லாரும் நான் முன்னுக்கு வரப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் அந்தக் காருக்காகப் போனேன்.

போன பிறகு தெரிந்தது, அந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைமேல் ஒரு பார்க்கிங்கில் கூடுவார்கள் என்று. வரிசையாக நிறுத்தி பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி குடிப்பார்கள். அதிகம் பேசமாட்டார்கள். ஒருவர் இஞ்சினைக் கிளப்பினால் மற்றவர்கள் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். நான் பஸ் பிடித்துப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, திரும்பப் பஸ் பிடித்து வருவேன். "உங்கள் வண்டி எது?" என்று யாராவது கேட்டால் பஸ் நிறுத்தத்தைக் காட்டுவேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குள் எரியும்.

ஏனென்றால் காசு சேர்ந்துவிட்டது, வண்டியும் பார்த்தாகிவிட்டது, இடம்தான் கிடைக்கவில்லை. போனில் என் உச்சரிப்பைக் கேட்டதுமே, "மன்னிக்கணும், இடம் நிரம்பிடுச்சு" என்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் காலியாகக் கிடக்கும். கோபம் சுள்ளென்று வரும். யார்மேல் காட்டுவது?

நான் குடியிருந்தது ஓர் அரிசிக்கடையின் மாடியில். கடைக்காரம்மாதான் வீட்டுக்காரம்மா. அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, தனியாகக் கடையை நடத்துகிறார். வாங்க வருகிறவர்கள் கேட்கக் கேட்க அரிசியைத் தீட்டிக் கொடுப்பார். அந்தத் தவிட்டு வாசனை மாடிக்கு வரும்போதெல்லாம் ஆரணி ரைஸ்மில் பக்கம் நடக்கிற மாதிரி இருக்கும். லாரி வந்தால் நான் இறங்கிப்போய் மூட்டை இறக்கிக் கொடுப்பேன். கடைக்குப் பின்னால் நான்கு வண்டி நிறுத்த இடம் உண்டு. மூன்றாவது எப்போதும் காலி. ஆனால் கேட்கப் பயம். இவரும் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டால், அப்புறம் எப்படி அந்த மூட்டையைத் தொடுவேன்?

ஒருநாள் அவரே கேட்டார். அவர் பேசும் ஜப்பானியத்தை எனக்கு என் ஊர்த் தமிழில்தான் சொல்ல வரும்.

"கார் வாங்கணும்னு அலையறீங்களாமே. இங்கதானே குடியிருக்கீங்க, என்னாண்ட ஏன் கேக்கல?"

எழுதிக் கொடுத்தார். போலீசும் சான்று கொடுத்தது. வண்டி வந்து மூன்றாவது இடத்தில் நின்றது. சிவப்பு நிறம், என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. அன்று சாயங்காலம் நான் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு நடந்ததுதான் வினை.

அம்மா முன்னாலேயே பார்சல் அனுப்பியிருந்தாள். குங்குமம், கற்பூரம், மஞ்சள். புது வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்காமல் சாவியைத் தொடக்கூடாது என்று கட்டளை. நம் பூசணி அங்கே கிடைக்காது. பச்சைத் தோலும் மஞ்சள் சதையுமாக ஒன்று கிடைக்கும், கருங்கல் மாதிரி இருக்கும். அதில் துளை போட்டுக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, மேலே கற்பூரம் ஏற்றி, செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மா அங்கே தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே பார்த்தாள்.

"நல்லா சுத்துடா. ஊர்க் கண்ணு, ஒறவுக் கண்ணு எல்லாம் சொல்லிகினே சுத்து. ஜல்தி, கற்பூரம் அணையப் போவுது."

சுற்றிவிட்டு ஓங்கிப் போட்டேன். அது உடையவில்லை. குதித்து உருண்டு ரோட்டுக்குப் போனது. ஒரு பெண்மணி நாயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டேன். இந்த முறை வெடித்தது. குங்குமத் தண்ணீர் சுவரெல்லாம் அடித்தது. பக்கத்து இடத்தில் நின்ற வெள்ளைக் காரின் கதவில் வழிந்தது. கையெல்லாம் சிவப்பாக, காலடியில் நெருப்போடு நான் நின்றேன். நாய் குரைத்தது. பெண்மணி போனை எடுத்தார்.

ஆரணியில் ஆயுத பூஜை அன்று ஊர் முழுக்க இப்படித்தான் இருக்கும், பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுந்தால்கூடப் பூசணிக்காயைத் திட்டமாட்டான். இங்கே சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். ரொம்ப மரியாதையாக, இந்தச் சிவப்பு என்ன என்று கேட்டார். பொடி என்றேன். பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்துத் தும்மினார். எழுதிக்கொண்டார். வெள்ளைக் கார்க்காரர் வீட்டிலிருந்து இறங்கிவந்து, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் பரவாயில்லை இல்லை. அரிசிக்கடைக்காரம்மா பின்வாசலில் நின்றார். அவர் பார்த்தது காரையும் இல்லை, சுவரையும் இல்லை. தரையில் சிதறிக் கிடந்த பூசணியை.

நான் சுவரைக் கழுவி முடித்ததும் என்னிடம் வந்தார்.

"சொல்றதுக்கே சங்கடமா கீதுங்க. இந்த மாசத்தோட வண்டிய வேற எடத்துல வச்சிக்கிறீங்களா?"

கேட்கிற மாதிரி இருக்கும். கேட்பது இல்லை அது. வேறு இடம் எனக்கு யாரும் தரப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். தெருவில் ஒரு ராத்திரிகூட நிறுத்த முடியாது. இடம் போனால் கார் போகும், விற்றுத்தான் ஆகவேண்டும். இத்தனை வருஷம் ஆசைப்பட்டதை வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அம்மா மறுபடி கூப்பிட்டாள். விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லித்தான நீ ஒடைச்ச? அந்தம்மாகிட்ட போனக் குடு, நான் பேசறேன்."

"எந்த பாஷையிலம்மா பேசுவ?"

"தமிழ்லதான். கோவத்துல கீறவங்களுக்கு எந்த பாஷையா இருந்தா இன்னா?"

சிரித்துவிட்டேன். பிறகு அந்த ஊர் வழக்கப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். பலகாரப் பெட்டிகள் வாங்கி, நல்ல சட்டையாக மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். வெள்ளைக் கார்க்காரர் என்னைவிட அதிகமாகக் குனிந்தார். நாய்க்காரப் பெண்மணி, போலீசைக் கூப்பிட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லா வீட்டிலும் வேலை சுலபமாக முடிந்தது. அரிசிக்கடையில்தான் முடியவில்லை.

அவர் பெட்டியை வாங்கவில்லை. தீட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சாப்புடற பொருள ஏன் தரையில போட்டு ஒடைச்சீங்க?"

அப்போதுதான் புரிந்தது. அவர் கோபத்துக்குக் காரணம் போலீஸ், சுவர், சிவப்பு எதுவும் இல்லை. இத்தனை வருஷம் அரிசி விற்றவர் முன்னால் நான் ஒரு காயை வீணடித்திருக்கிறேன். புரிந்தால் பேசாமல் குனிந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"வீணாக்கலைங்க. எங்க ஊர்ல ஒடைச்சதும் மாடு வந்து தின்னுடும்."

"இங்க மாடு எங்க கீது?"

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எதுக்காகத்தான் ஒடைக்கிறீங்க?"

"வண்டி மேல கண்ணு படக்கூடாதுன்னு. ஓட்டறவன் பத்திரமா வீடு திரும்பணும்னு. ஒடைக்கலன்னா எங்கம்மா தூங்கமாட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் மெஷின்மேல் இருந்த தவிட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழம காலையில கோயிலுக்கு அரிசி எடுத்துகினு போறேன். என் வண்டி பின்னாலயே வாங்க" என்றார். அவ்வளவுதான். எதற்கு என்று சொல்லவில்லை. மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லாத சனிக்கிழமை அது. சாமி முன்னால் நிறுத்தித் திட்டப் போகிறாரோ என்றுதான் நினைத்தேன்.

கோயில் முன்னால் கார் நிறுத்தக் கோடு போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு புதுக் குடும்பக் கார் நின்றது, கதவு, பானெட், டிக்கி எல்லாம் விரியத் திறந்தபடி. வெள்ளை உடையில் ஒரு பூசாரி, குச்சி நிறைய வெள்ளைக் காகிதம் தொங்கும் ஒன்றை இஞ்சின்மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்து நின்றேன். இந்த ஊரிலும் காருக்குச் செய்கிறார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

பூஜைக்குப் பதிவு செய்யும் கவுண்டரில் இருந்த பெண் என் பெயர் கேட்டார். விலாசம் கேட்டார், சொன்னேன். எழுதிக்கொண்டே, "வண்டியும் அங்கதான் நிக்குதுங்களா?" என்றார்.

ஆமாம் என்றால் மாதம் முடிந்ததும் பொய்யாகிவிடும், இல்லை என்றால் எங்கே என்று கேட்பார். கடைக்காரம்மா அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அங்கதான்" என்றார். "பின்னால, மூணாவது எடம்."

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அரிசிப் பையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

என் வண்டியின் முறை வந்ததும் பூசாரியிடம் அனுமதி கேட்டு அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். பூசாரி அரிசியும் காகிதத் துணுக்கும் கலந்து சக்கரங்களில் தூவினார். "அட்சதை போடறாருடா" என்று அம்மா கிசுகிசுத்தாள். பிறகு அவர் கைகூப்பி ஏதோ பழைய ஜப்பானியத்தில் நீளமாக ஓத ஆரம்பித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. தலை குனிந்து நின்றேன். திடீரென்று நடுவில் நான் குடியிருக்கும் அந்த ஊரின் பெயர் வந்தது. அப்புறம் தெரு. அப்புறம் அரிசிக்கடையின் கதவு எண். அப்புறம் என் பெயர், முழுசாக, அப்பா பெயரோடு, ஒவ்வோர் எழுத்தையும் தட்டுத் தடுமாறி இழுத்து.

"இன்னாடா சொல்றாரு? பேரு நட்சத்திரமா?"

"நட்சத்திரம் இல்லம்மா. அட்ரஸ். என் அட்ரஸ் சொல்றாரு."

அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று போனைப் பூசாரி பக்கம் நீட்டினேன். அவளுக்குப் பின்னால் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப சாமிக்கு எடம் தெரிஞ்சிபோச்சி" என்றாள். "இனிமே மாத்தக்கூடாது. அந்தம்மாகிட்ட சொல்லு."

கடைக்காரம்மா பக்கத்தில் வந்து, உங்கள் அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். ஏதோ கணக்குப் போடுகிறவர்போல் யோசித்தார்.

"ஆமா. மாத்தினா சாமி எங்க வந்து தேடும்" என்றார். காலி அரிசிப் பைகளை மடித்து என் கையில் கொடுத்து, "வீட்டுக்குத்தானே போறீங்க, இத எடுத்துகினு போய் கடையில வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியைப் பார்த்து நடந்தார்.