ஈரச்சாக்கு போர்த்திய பெட்டி

பொள்ளாச்சி ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் வகுப்பில் ஒரே பெண்ணாகச் சேர்ந்து தேறினாள் மௌனிகா. "பொட்டப்புள்ள ஏணி ஏறுறதாவது" என்ற பெரியப்பாவின் வாயை அடைத்தாள். பின்னால் அவர் வீட்டு ஃபிரிட்ஜையும் அவளே சரிசெய்தாள். கொழிஞ்சாம்பாறையில் தனபாலின் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஃபில்டர் கழுவுவதிலிருந்து ஸ்பேனர் பிடிப்பதற்கு உயர்ந்தாள்.

ஒன்று மட்டும் கைகூடவில்லை. அந்தக் கடையில், வேலையை முடித்தவர் ஏசியின் வெளிப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் மார்க்கரால் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பழுது திரும்பினால் எழுதியவர்தான் பொறுப்பு. அவள் தொட்ட பெட்டிகளில் எல்லாம் தனபாலின் பெயரே இருந்தது.

விஷு கழிந்த மூன்றாம் நாள், ஒரு வீட்டில் ஓடாத ஏசியைப் பார்க்கத் தனபால் அவளைத் தனியாக அனுப்பினார். "நான் வந்து பாக்குற மாதிரி ஆச்சுன்னா, மறுக்கா ஃபில்டர் கழுவத்தான் அம்மிணி" என்று சிரித்தார். அது விளையாட்டுப் பேச்சில்லை என்பது அவளுடைய அண்ணன் பூபதிராஜாவுக்குத் தெரியும். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஏணி பிடிக்க வந்தான்.

வீட்டுக்காரர் ஆறுமுகசாமி அவனைப் பார்த்ததும், "ஏனுங் பூபதி, தங்கச்சி மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்றார்.

"தங்கச்சி மேல இருக்குதுங்க. உங்க ஏணி மேலதான் இல்லீங்க."

வெளிப்பெட்டி மேற்குச் சுவரில் இருந்தது. மேலே ஈரச்சாக்கு போர்த்தியிருந்தது. அந்த வட்டாரத்தில் கிணற்று மோட்டாரை வெயிலிலிருந்து காப்பாற்ற எல்லோரும் செய்வதுதான், பூபதிராஜாவும் செய்வான். மௌனிகா சாக்கை எடுத்து வைத்துவிட்டு ஏசியைப் போட்டாள். விசிறி முனகியது, சுற்றவில்லை. குச்சியால் ஓர் இறக்கையை மெல்லத் தள்ளியதும் சுற்றத் தொடங்கியது.

"விசிறியக் கெளப்பிவிடுற கெப்பாசிட்டர் போயிருச்சுண்ணா" என்றாள். மின்சாரத்தை அணைத்துப் புதிதை மாட்டினாள். விசிறி ஓடியது. சாக்கை நனைத்து, நான்கு மூலையும் இழுத்துவிட்டு, முன்போலவே போர்த்தினாள். மார்க்கர் மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று நினைத்தாள் போலும்.

மோர் குடித்து முடிப்பதற்குள் விசிறி நின்றது.

ஆறுமுகசாமி போனை எடுத்தார். "தனபாலுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடலாங்களா அம்மிணி?"

"செத்த பொறுங்க மாமா."

அவள் ஏணியில் ஏறினாள். ஏணி ஆடியது. பூபதிராஜா அதன் அடியில் காலை முட்டுக்கொடுத்து அண்ணாந்து பார்த்தான். புது கெப்பாசிட்டரே கெட்டதா? விசிறி மோட்டாரே எரிந்துவிட்டதா? கேட்டால் அவள் பதறிவிடுவாள் என்று ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

மின்சாரத்தை அணைத்துவிட்டு மோட்டாரில் விரலை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு பெட்டியின் பின்பக்கம் கையை விட்டாள். காற்று உள்ளே போகும் வழியெல்லாம் ஈரச்சாக்கு இழுபட்டு ஒட்டிக் கிடந்தது. உரித்தெடுக்க வேண்டியிருந்தது.

"நம்மூட்டுக் கெணத்து மோட்டார்னு நெனச்சு நானே மூடிப்போட்டண்ணா. மூச்சு முட்டி, சூடேறி, தானா நின்னுருக்குது."

"வெயிலு மோட்டாருக்கு ஆகாதுங்களே" என்றார் ஆறுமுகசாமி, விடாமல்.

"இது காத்து குடிச்சாத்தானுங்க ஓடும். நெழல் வேணும்னா தள்ளி ஒரு தகரம் போடுங்க. சாக்கு உங்க கெணத்துக்கே இருக்கட்டுமுங்க."

மோட்டார் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். போட்டதும் விசிறி ஓடியது. வெயில் சுவரை விட்டு இறங்கும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை சத்தம் மாறுவதுபோல் தோன்றியபோதும் பூபதிராஜா எழுந்து எழுந்து உட்கார்ந்தான். அது நிற்கவில்லை.

மௌனிகா கடைசியாக ஒருமுறை ஏசியை அணைத்து மூடியைக் கழற்றினாள். "அண்ணா, ஏணியக் கெட்டியாப் புடி" என்றாள். மார்க்கர் கீச்சிடும் சத்தம் கேட்டது. திருப்பி மாட்டுவதற்கு முன் மூடியைக் கீழே அவனுக்குக் காட்டினாள்.

மௌனிகா, 17.4.2025.