நெறி கட்டிய கோடை

தொடையிடுக்கில் நெறி கட்டியபோது, நியூ மெக்சிகோவில் மலையேறியதால் வந்தது என்றுதான் நினைத்தேன். ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே குளிர்காய்ச்சல். கட்டி எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. போர்வை பட்டாலே உயிர் போனது. என் கணவர் ஜெரோம் காரில் ஏற்றி ஹூஸ்டன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

முதலில் தசைப்பிடிப்பு என்றார்கள். தொற்றுநோய் மருத்துவர் வந்த பிறகு கேள்விகள் மாறின. எங்கே கூடாரம் அடித்தீர்கள்? பக்கத்தில் தரை அணில்களின் வளைகள் இருந்தனவா? செத்துக் கிடந்த அணில் ஒன்றைக் குனிந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. கட்டியிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் போனார். பிறகு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"இது பிளேக்."

"அது இன்னும் இருக்கிறதா, டாக்டர்?"

"அந்த மலைகளில் இருக்கிறது. அணில், எலி மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்து அபூர்வமாக மனிதருக்கு வரும். மருந்து இருக்கிறது. சீக்கிரம் வந்துவிட்டீர்கள்."

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (கிருமியைக் கொல்லும் பழைய மருந்து) ஆரம்பித்தார்கள். நுரையீரலில் நோய் இல்லை என்று உறுதியாகும்வரை தனி அறை; அங்கே பரவினால் இருமல் வழியே மற்றவர்களுக்கும் தொற்றும். ஜெரோமுக்கும் மகள் அனிதாவுக்கும் தடுப்பு மாத்திரை.

அனிதாவுக்குப் பதிமூன்று வயது. நூலகத்திலிருந்து இடைக்கால ஐரோப்பாவில் இதே பிளேக் கொள்ளைநோயாகப் பரவியது பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, படித்ததையெல்லாம் ஃபோனில் சொன்னாள். கப்பலில் வந்த நோய் ஊர் ஊராகப் போனதாம். வசதியுள்ளவர்கள் ஓடிவிட்டார்களாம். கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று யூதர்களைப் பிடித்து எரித்தார்களாம். பிறகு அறுவடைக்கு ஆளில்லாமல், பிழைத்த கூலிக்காரர்கள் கூலியை உயர்த்திக் கேட்டார்களாம்.

"பேரன்ட்ஸ்கூட கிட்ஸை விட்டுட்டு ஓடிட்டாங்க, மாம்," என்றாள். பிறகு, "இஸ் டாட் ஸ்கேர்ட்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை ஜெரோம் முகக்கவசமும் அங்கியுமாக வந்து, சிக்குப் பிடித்த என் தலையை வாரத் தொடங்கினார்.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. தலையை ஆட்டாதே."

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டாக்டர் அனுமதித்தால், பயப்படுகிறவர்கள் பயத்தோடேயே உள்ளே வரட்டும். பயம் தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீடு திரும்பினேன். எங்கள் வீட்டில் நடக்க இருந்த ஜெபக்கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். எங்கள் ஜெபக்குழுவின் ஸ்டெல்லா ஆன்ட்டி, கார் நிறுத்தும் கராஜ் வாசலில் பிரியாணியை வைத்துவிட்டுப் போய், வீட்டிலிருந்து ஃபோன் பண்ணினார்.

"டெய்லி உனக்காக பிரேயர் பண்றோம்மா. வீட்ல பேரப்பிள்ளைங்க இருக்காங்க, அதான்..."

"இனிமே யாருக்கும் தொத்தாது ஆன்ட்டி. டாக்டரே சொல்லிட்டாங்க."

"தெரியும்மா," என்றார். தெரிந்துதான் இருந்தது. அந்தக் காலத்தவர்களுக்கு நோய் எப்படி வருகிறதென்றே தெரியாது, மருந்தும் கிடையாது. எங்களுக்கு இரண்டும் இருந்தன. ஆனாலும் கால்கள் கராஜோடு நின்றுவிட்டன. சிலர் அடுத்த மாதமே வந்தார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தார். கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். ஆனால் அவர் கை என் முதுகில் இருந்த நேரமெல்லாம் என் உடம்பு விறைத்தே இருந்தது.

கட்டி வற்றிவிட்டது. அந்த இடம் மட்டும் தடித்துப் போயிருக்கிறது. காரில் பெல்ட் போட்டதும் சரியாக அங்கேதான் அழுத்தும். ஃப்ரீவேயில் வண்டிகள் நகராமல் நின்றால் முன்பு ஸ்டியரிங்கைத் தட்டுவேன். இப்போது அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். இதே இடத்தில் நெறி கட்டிய அந்தக் காலத்துப் பெண்ணுக்கு ஒரு வாரம்கூடக் கிடைத்திருக்காது.

ஒருநாள் அப்படி நின்றபோது என் கை பெல்ட்டுக்கு அடியில் இருப்பதை அனிதா பார்த்துவிட்டாள்.

"டஸ் இட் ஹர்ட்?"

"இல்லடா," என்றேன். "சும்மா தொட்டுப் பார்க்கிறேன்."