சூடு ஆறும் சுற்று

என் சகலையைப் பார்த்து நான் பொறாமைப்பட்ட விஷயங்கள் பல. அவருக்கு நன்றாகப் பேச வரும், எனக்கு வராது. அவர் பத்தாவது வரை படித்தவர், நான் ஐந்தாவதோடு நின்றவன். இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அவர் ரேஸ் டிராக்கில் ஒரு சுற்றுப் போய்வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். இரண்டு பேருமே சிவகாசியில் டிரைவர்கள். நான் ஓர் ஆப்செட் அச்சகத்து முதலாளியிடம் இருந்தேன். அவர் என் முதலாளியின் பெரியப்பா மகனிடம் இருந்தார். அவர்களுடையது பட்டாசுக் கம்பெனி. இரண்டாயிரத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கார்கள் எங்கள் பக்கம் ஒன்றிரண்டு வரத் தொடங்கின. பட்டாசுக் கம்பெனி முதலாளி தரையோடு படுத்த மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். எங்கள் ஊர் ரோட்டில் அது ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டும். அதனால் சீசன் முடிந்ததும் கோயம்புத்தூர் பக்கம் இருக்கும் ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டுவார். டயர், ஜாக்கி, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிய வேனைச் சகலை பின்னால் ஓட்டிப் போவார். அப்படிப் போன ஒருநாள் அவர் முதலாளி அவருக்கு ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, முழு வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியிருக்கிறார்.

அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு ஆமத்தூரில் மாமனார் வீட்டில் கறிச்சாப்பாடு. சகலை ஆரம்பித்தார்.

"நேரா சுவத்துல மோதப் போற மாதிரி போறாக. வளைவு வருது, வருது, இன்னும் பிரேக்கு போடல. நான் எங்கம்மாவ நெனைச்சுக்கிட்டேன். அப்பத்தான் ஒரே அமுக்கு. எங் கண்ணு ரெண்டும் முன்னாடி போயிருச்சு, நான் மட்டும் சீட்டுல இருக்கேன்!"

வீடே சிரித்தது.

"அம்புட்டு வேகத்துல எப்படி நிக்கும்?" என்று மாமனார் கேட்டார்.

"பீங்கான் பிரேக்கு மாமா. செராமிக்."

"பீங்கானா? ஊறுகா ஜாடி செய்யுற பீங்கானா?" என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து ரூமுக்குள் ஓர் இரும்பு ஆணி கிடந்தால்கூட வேலையை நிறுத்திவிடுவார். அங்கே கரண்டி பித்தளை, சுத்தியல் மரம். "இரும்போட இரும்பு ஒரசுனா என்னாகும்னு எங்களுக்குத் தெரியும். பீங்கான்னா நல்ல ஏற்பாடுதான், சின்ன மாப்பிள்ள" என்றார். அந்த பிரேக்கைச் சகலையே செய்து மாட்டியது போல இருந்தது அவர் பாராட்டியது.

என் மனைவி குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கரண்டியை எடுக்க மறந்து, சகலையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் இலையில் வெறும் சோறு இருந்தது.

"பெரிய மாப்பிள்ளையோட மொதலாளியும் இதே வண்டி வாங்குறாகளாமே?" என்று மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வாங்குறாக" என்றேன்.

மீதிப் பேச்சைச் சகலை எடுத்துக்கொண்டார். "வண்டி வருது அத்தே. எந்த பிரேக்குன்னுதான் இன்னும் முடிவாகல. இரும்பு பிரேக்கா இருந்தா ஓட்டுறவுக ரெண்டு சுத்துப் போறதுக்குள்ள பழுத்துப் போயிரும். அப்புறம் எங்கிட்டு சகலையை ஏத்திச் சுத்துறது?"

அன்று முதல் எனக்குப் பீங்கான் வேண்டும் என்று ஆகிவிட்டது. காரில் ஓர் ஆணிகூட என்னுடையதில்லை. ஆனாலும் அந்த பிரேக்கில்தான் என் ஒரு சுற்று இருந்தது. அப்படி ஒரு சுற்றுப் போய்வந்தால் என் மனைவி என் வாயையும் ஒருநாள் அப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

முதலாளியோ முடிவெடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். சாத்தூருக்குப் போனாலும் விருதுநகருக்குப் போனாலும் காரில் இதே பேச்சுத்தான். போனில் ஒருத்தர் செராமிக் என்பார், அடுத்தவர் ஸ்டீல் என்பார். அவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. செராமிக் டிஸ்க் எடை குறைவு, எவ்வளவு சூட்டுக்கும் அசராது. ஆனால் டிராக்கிலேயே ஓட்டினால் அதுவும் ஒருநாள் தீர்ந்துதான் போகும். சக்கரத்தைக் கழற்றும்போது ஓரத்தில் ஒரு தட்டுப் பட்டுச் சில்லு பெயர்ந்தால் அந்த டிஸ்க் அவ்வளவுதான். புதிது கப்பலில் வர வேண்டும், விலையோ ஒரு சின்னக் கார் விலை. ஸ்டீல் சூடாகும், சீக்கிரம் தேயும், ஆனால் நாமே மாற்றிவிடலாம்.

ஒருநாள் ஆமத்தூர் ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போது கேட்டார். "நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

"பீங்கானே போட்டுருங்க மொதலாளி."

நான் அபிப்பிராயம் சொன்னதே அவருக்கு ஆச்சரியம். "ஏன்ணே?"

"நல்லாருக்கும்" என்றேன். கேட் திறந்தது, நல்லவேளை.

கடைசியில் முதலாளியின் அம்மாதான் ஒரு வழி சொன்னார்கள். அந்த வீட்டில் பெண் எடுப்பது, இடம் வாங்குவது, புது அச்சு மெஷின் இறக்குவது எல்லாமே அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துத்தான். இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் உத்தரவு.

"பிரேக்குக்கு எல்லாமாம்மா பூக்கட்டுவாங்க?" என்று முதலாளி சிரித்தார்.

"பிரேக்குலதாண்டா உசுரே இருக்கு. இதுக்குக் கட்டாம வேற எதுக்குக் கட்டுறது?" என்றார்கள் அம்மா.

அந்தக் காரில் சக்கரத்துக்கு உள்ளே டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம் வெளியே தெரியும். பீங்கான் போட்டால் அதற்கு மஞ்சள் வர்ணம், ஸ்டீல் போட்டால் சிவப்பு. ஆகவே மஞ்சள் செவ்வந்தி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. எங்கள் அச்சகத்தில் கழித்த பட்டாசு லேபிள் தாளை ஒரே அளவாகக் கிழித்துப் பூசாரி மடித்துக் கட்டினார். இரண்டும் கொஞ்சமும் வித்தியாசமில்லாமல் இருந்தன.

"சின்னப் புள்ளைக யாரும் இருக்கா?" என்றார் பூசாரி. யாரும் இல்லை.

அம்மா என்னைக் கைகாட்டினார்கள். "இவரு எடுக்கட்டும். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத மனுஷன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மனதில் மஞ்சளையும் சகலையையும் தவிர வேறொன்றும் இல்லை. குனிந்து, கண்ணை மூடிக் கை நீட்டினேன். ஒரு பொட்டலம் விரலில் பட்டது. உடனே ஒரு சந்தேகம்: முதலில் படுவதையா எடுப்பது? கையை நகர்த்தி அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன்.

பூசாரி பிரித்தார். அரளி.

"ஸ்டீல்" என்றார் முதலாளி. பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி இருந்தார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மற்றப் பொட்டலத்தைப் பூசாரி பிரிக்காமலே பூக்கூடையில் போட்டார். முதலில் என் விரல் பட்டது அதுதான்.

வண்டி வருவதற்குள் தீபாவளியே வந்துவிட்டது. அதன் பிறகுதான் டிராக். இரண்டு முதலாளிகளும் ஒரே நாளில் போனார்கள், ஆளுக்கொரு வேனில் நாங்களும் போனோம்.

சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே சிவப்பைப் பார்த்ததுமே பெரியப்பா மகன் கத்தினார். "ஏலே, கடைசில இரும்பையா மாட்டிட்டு வந்த? பிரேக்கு வேணும்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே அமுக்கிரு!"

"உன் ஜாடி ஒடையாம பாத்துக்கோலே" என்றார் என் முதலாளி.

சகலை சிரித்த சிரிப்பு அவர் முதலாளியின் சிரிப்பைவிடச் சத்தமாக இருந்தது. ஆனால் அன்று அவருக்கு வேலை இல்லை. பீங்கானில் அடி பட்டுவிடும் என்று சக்கரத்தைத் தொடவே அவருக்கு அனுமதி கிடையாது. சக்கரம் கழற்றக் கோயம்புத்தூரிலிருந்து தனியாக ஓர் ஆள் வந்திருந்தார். சகலை குடையின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்கு ஜாக்கி, ஸ்பேனர், கரி.

என் முதலாளி முதல் தடவையாக வேகமாக ஓட்டிவிட்டு உள்ளே வந்தார். நான்கு சக்கரத்திலிருந்தும் புகை. கொல்லன் பட்டறை வாசனை. நிறுத்தப் போனார். டிராக் ஆள் ஓடிவந்து கையை ஆட்டினார். "நிப்பாட்டாதீங்க சார், டிஸ்க் கோணிக்கும்! மெதுவா ஒரு ரவுண்ட் போய் ஆற விட்டுட்டு வாங்க. பிரேக்கத் தொடாதீங்க."

வண்டி உருண்டுகொண்டே என்னைத் தாண்டியது. முதலாளி கண்ணாடியை இறக்கினார். "அண்ணே, ஏறுங்க!"

சகலையின் நாற்காலி ஓரத்தில் ஒரு ஹெல்மெட் கிடந்தது. சகலைக்கென்று அவர் முதலாளி வைத்திருந்தது. அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காரோடு கூடவே ஓடி, கதவைத் திறந்து உள்ளே விழுந்தேன். பின்னால் சகலை "ஏ... ஏ... அது என்னோடது!" என்றார்.

ஹெல்மெட்டுக்குள் அவர் தலையில் தேய்க்கும் எண்ணெய் மணந்தது.

மாட்டுவண்டி வேகம். மற்றக் கார்கள் எங்களைக் கடந்து பறந்தன. மேற்கே மலை தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பில் மூன்று மயில் மேய்ந்தன. சகலை கதையில் வந்த அந்த வளைவும் வந்தது. டயர் கறுப்பாகத் தேய்ந்த தடம் வளைந்து வளைந்து கிடந்தது. முதலாளி பிரேக்கைத் தொடாமல் அதில் திருப்பினார்.

"இங்கன வச்சு வெளிய போயிட்டேண்ணே" என்றார். "மண்ணுல எறங்கிருச்சு. யாரும் பாக்கல."

நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஓரத்து மண்ணில் டயர் உழுத தடம் இருந்தது.

"பயந்துட்டேன்." ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்ல புள்ளைக ஞாபகம் வந்துருச்சு. அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க. எங்க பெரியப்பா மகன்ட்டயும்."

"சொல்ல மாட்டேன் மொதலாளி" என்றேன்.

மிச்சச் சுற்று முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு வேக ஓட்டத்துக்குப் பிறகும் சூடு ஆறும் சுற்று ஒன்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னை ஏற்றிக்கொண்டார். வேகச் சுற்று ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆமத்தூரில் சகலைதான் முந்திக்கொண்டார். "சகலையும் போனாகல்ல ரவுண்டு! தேர் வர்ற மாதிரி. நான் எந்திரிச்சுக் கும்புடலாமான்னு பாத்தேன்." வீடே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "என்னதான் இருந்துச்சு அங்கன?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மலை, தோப்பு, மயில்.

"மயிலா? சின்ன மாப்பிள்ள சொல்லவே இல்லையே?" என்றார் மாமனார்.

"நான் எங்கிட்டு மாமா பாத்தேன்? கண்ணத் தொறந்தாத்தான!" என்றார் சகலை. அதற்குத்தான் அன்றைய பெரிய சிரிப்பு. மயில் என்னுடையது, சிரிப்பு அவருடையது.

சாப்பிட்டுக் கொல்லையில் நான் கை கழுவும்போது சகலை பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சகலை, அம்புட்டு நேரம் உங்க மொதலாளி என்ன பேசுனாக? வாய் மூடவே இல்ல. எங்காளு ஒரு வார்த்தை எங்கிட்டப் பேசுனதில்ல."

"சும்மா, ரோட்டப் பத்தி."

"ரோட்டப் பத்தியா? ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா."

நம்பவில்லை. குழாயை மூடாமல் என் முகத்தையே பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் என் முகம் அப்படித்தான் இருந்தது, பங்குனியிலிருந்து. குழாயை நான் மூடினேன். எனக்கு நன்றாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

துண்டில் கை துடைக்கும்போது உள்ளே என் மனைவியின் குரல் கேட்டது. "தம்பி, அந்த வளைவு வந்தத இன்னொருக்கச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுப் புள்ளையும் கேக்கணுமாம்."

சகலை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். சுவரில் மோதப் போகிற மாதிரி போகிறார்கள், வளைவு வருகிறது, வருகிறது. நான் உள்ளே போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் பிரேக் போடும் வரை கேட்டேன்.